இரண்டு அடுப்பும் ஒரு கிருமியும்

லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் குடியிருந்தார். கட்டடத்துக்காரர் வேறு யாரோடோ ஒப்பந்தம் போட்டிருந்ததால் இவர் அதில் கை வைக்கக் கூடாதாம். அதனால் தினமும் காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, ஊரில் உள்ள மற்ற லிஃப்ட்டுகளையெல்லாம் ஓட வைத்துவிட்டு, சாயங்காலம் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வருவார். அந்தப் படிகளில் நானும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு முறை ஏறி இறங்கினேன்.

நான் நர்ஸ். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குடல்நோய்ப் பிரிவில் வார்டு வேலையை விட்டு ஆராய்ச்சிப் பக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. நான் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பதாக என் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் நான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன், மூடி போட்ட சின்ன டப்பாவில் மலம் வாங்குவேன், முப்பத்திரண்டு கேள்வி கேட்பேன். மாமியார் சொல்வதே கௌரவமாக இருப்பதால் நான் திருத்தவில்லை.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். ஒரு வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போய்விடுகிறது. அதே வீட்டில் அதே தண்ணீரைக் குடித்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட இன்னொருவர் ஒன்றும் ஆகாமல் ஜம்மென்று நடமாடுகிறார். கிருமி அவரிடம் போகவே இல்லையா, இல்லை, போன கிருமியை உடம்பு வாசலிலேயே மடக்கிப் போட்டுவிட்டதா? இதைத் தெரிந்துகொள்ள நோயாளியையும் வீட்டில் உள்ளவர்களையும் இரண்டு மாதம் விடாமல் பார்ப்போம்.

லிஃப்ட் மெக்கானிக் எங்களிடம் வந்தது அப்படித்தான். காய்ச்சல், வயிற்றைப் பிசையும் வலி, மலத்தில் ரத்தம். மூன்று நாள் டிரிப் ஏறியது. ஐம்பத்தொன்பது வயது, ஒல்லியான உடம்பு, அதிலும் நாலு கிலோ போயிருந்தது. பரிசோதனையில் கேம்பைலோபாக்டர் என்று வந்தது. சரியாக வேகாத கோழிக்கறி வழியாகப் பெரும்பாலும் வரும் கிருமி. நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினேன்.

"பேரே வாயில நுழைய மாட்டேங்குது, இது வயித்துல எப்படி சிஸ்டர் நுழைஞ்சது?" என்றார்.

சிரிக்கத் தெம்பில்லாத நேரத்தில் சிரிக்க வைக்கிறவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆராய்ச்சியில் சேரச் சம்மதமா என்று கேட்டேன். சம்மதித்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒரு ஆள் இருக்காரு."

"என்ன உறவு?"

கூரையைப் பார்த்தார். "அண்ணன்னு ரெக்கார்டுல போட்டுக்குங்க."

அண்ணன் என்று ரெக்கார்டில் போட்ட ஆளை அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் பார்த்தேன். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அகலமான தோள், அதைவிட அகலமான குரல். கதவைத் திறந்து என்னை உள்ளே விட்டுவிட்டு, பஸ்ஸில் ஏறின ஆளுக்கு இடம் காட்டுவது போல ஒரு நாற்காலியைக் காட்டினார். தம்பி கட்டிலில் சாய்ந்திருந்தார். நடுவே ஆறடி இருக்கும்.

"சிஸ்டர், டாய்லெட் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லுங்க" என்றார் தம்பி.

"யாரை?"

"அவரைத்தான்."

"சாத்தித்தான் வைக்கிறேன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார் அண்ணன்.

நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ரத்தம் எடுப்பதோடு தபால் வேலையும் சேர்ந்துகொண்டது அப்போதுதான் புரிந்தது.

சமையலறையைப் பார்ப்பதும் என் வேலையில் ஒன்று. எங்கே கழுவுகிறார்கள், எதில் வெட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். அங்கே இரண்டு அடுப்பு இருந்தது. இரண்டு உப்பு டப்பா, இரண்டு கத்தி, இரண்டு வெட்டுப்பலகை. ஃப்ரிட்ஜின் தட்டுகளில் மேலே இரண்டு ஒருவருடையது, கீழே இரண்டு மற்றவருடையது. தண்ணீர்க் குழாய் மட்டும் ஒன்று. அதையும் பிரிக்க முடிந்திருந்தால் பிரித்திருப்பார்கள்.

சண்டைக்கான காரணத்தைத் தம்பி சொன்னார். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷமாக ஒன்றாகவே இருந்தவர்கள். சமையல் எப்போதும் தம்பிதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர்களுடைய அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். தம்பி விடிந்ததிலிருந்து நின்று சமைத்திருக்கிறார். எல்லாரும் உட்கார்ந்ததும் அண்ணன் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு, "இதுல உப்பு போட்டியா, உப்புல இதைப் போட்டியா?" என்று கேட்டாராம். அக்கா வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம்.

"அவர் சிரிச்சா சிரிக்கட்டும். இவர் அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டு அதையே இன்னொரு தடவை சொன்னாரு பாருங்க, அதோட விட்டுப்போச்சு. நீங்களே சமைச்சுக்குங்கன்னுட்டேன்."

விதிப்படி ஒவ்வொருவரையும் தனியாக வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். அண்ணனை அவருடைய அறையில் உட்கார வைத்துக் கேட்டேன். பதினாலாவது கேள்வி: நோயாளி நோய்வாய்ப்படுவதற்கு முந்தைய ஒரு வாரத்தில், அவர் சாப்பிட்ட உணவிலிருந்து நீங்களும் ஏதாவது சாப்பிட்டீர்களா? நான் "நோயாளி" என்று ஆரம்பிக்கும்போதே அவர் "இல்லை" என்றார்.

"முழுசா கேட்டுட்டுச் சொல்லுங்க சார்."

"முழுசா கேட்டாலும் இல்லைதான். அவன் சமையலைச் சாப்பிடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

குறித்துக்கொண்டேன். ரத்தம் எடுத்தேன். டப்பாவையும் வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது வாசல் வரை வந்தவர், "இது அவனுக்கு மறுபடி வருமா?" என்று கேட்டார். வராது என்று சொல்லமுடியாது, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை என்றேன். இரண்டு படி இறங்கினதும் மறுபடி கூப்பிட்டார். "உள்ளே எதுவும் நிரந்தரமா கெட்டுப்போயிருக்காதே?" இல்லை என்றேன். முதல் மாடி வந்தபோது மேலிருந்து குரல் கேட்டது. "அந்த நாலு கிலோ திரும்ப ஏறிடுமா சிஸ்டர்?"

தம்பியோடு பேசாத அண்ணனுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான அக்கறையாக எனக்குப் பட்டது. ஆனால் அதைக் குறித்துக்கொள்ள என் தாளில் இடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது தம்பி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். முகம் மட்டும் தெளியவில்லை. அவருடைய அடுப்பு பளபளவென்று துடைத்து மேலே ஒரு துணி போட்டு மூடியிருந்தது. ரொட்டியும் கடையில் வாங்கின சாப்பாடுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இனிமே அடுப்பு பக்கம் போறதா இல்ல சிஸ்டர். நானே சமைச்சு, நானே சாப்பிட்டு, நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பது வருஷமா சமைக்கிறேன், கறி வெந்துச்சா இல்லையான்னு தெரியாம சாப்பிட்டிருக்கேன். அன்னிக்கு அவர் சொன்னது சரிதான் போல. என் கைதான் கெட்டுப்போச்சு."

பக்கத்து அறையில் செய்தித்தாள் புரட்டும் சத்தம் நின்றது. அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. அன்று அவர் என்னிடம் தபால்கூட எதுவும் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் முதல் ரத்தத்தின் முடிவுகள் வந்தன. எங்கள் பிரிவில் முடிவுகளைப் பார்ப்பது மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஒரு கையில் ஸ்பூனும் இன்னொரு கையில் மலப் பரிசோதனைத் தாளும் வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய ஒரே ஆள் எங்கள் டாக்டர். அந்த அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

"இந்த அண்ணன்காரர் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார்.

"பஸ் டிரைவர்."

"கோழிப்பண்ணையில வேலை பார்த்திருக்காரா?"

"இல்ல டாக்டர்."

"பஸ்ல கோழி ஏத்திக்கிட்டுப் போனாரா?"

தாளை என் பக்கம் திருப்பினார். உடம்புக்குள் ஒரு கிருமி நுழைந்தால் அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகும். புதிதாகப் பார்த்த கிருமிக்கு ஒரு வகை, ஏற்கெனவே பார்த்துப் பழகின கிருமிக்கு இன்னொரு வகை. அண்ணனுக்கு இரண்டுமே ஏறியிருந்தன. மலத்திலும் கிருமி இருந்தது. தம்பிக்குப் பணிவிடை செய்தோ, ஒரே டாய்லெட்டைப் புழங்கியோ பின்னால் தொற்றியிருந்தால், நான் ரத்தம் எடுத்த நாளுக்குள் இவ்வளவு ஏறியிருக்காது.

"அநேகமா தம்பி சாப்பிட்ட அன்னிக்கே இவரும் சாப்பிட்டிருக்கார். அது மட்டும் இல்ல. பழைய வகை இவ்வளவு இருக்குன்னா, இவருக்கும் இந்தக் கிருமிக்கும் ரொம்ப நாளாப் பழக்கம். கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போய்க்கிட்டே இருந்திருக்கு. உடம்பு கத்துக்கிச்சு. அதான் இந்தத் தடவை படுக்கலை." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா பதினாலாவது கேள்விக்கு இல்லைன்னு சொல்லியிருக்கார். நம்ம ஆராய்ச்சியே அந்தக் கேள்வியிலதான் நிக்குது. மறுபடி கேளு. அவரோட முடிவை அவர்கிட்ட சொல்லலாம். தம்பிகிட்ட மூச்சு விடக் கூடாது. அதே மாதிரி பதிலை மாத்துங்கன்னும் சொல்லக் கூடாது."

மூன்றாவது முறை போனபோது எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. தம்பிக்கு நான் ரத்தம் எடுத்து முடிக்கவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. ஏதோ ஆபீசில் லிஃப்ட் பாதியில் நின்று நான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டே ஓடினார்.

அண்ணன் சமையலறை மேசை எதிரே வந்து உட்கார்ந்தார். நான் அவருடைய தாளை எடுத்து வைத்து, டாக்டர் சொன்னதை எனக்குத் தெரிந்த எளிமையில் சொன்னேன். கிருமி உங்களுக்கும் வந்திருக்கிறது. தம்பியோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அதற்கு முன்னாலும் பல தடவை வந்திருக்கிறது.

அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டார்.

"ரத்தத்துல இதெல்லாமா தெரியும்?"

"எதுல சாப்பிட்டீங்கன்னு தெரியாது சார். வந்துச்சுன்னு தெரியும்."

எதிரில் இருந்த தம்பியின் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அவன் கோழிக்கறி வெப்பான். அடுப்புல ஏத்திட்டுக் குளிக்கப் போவான். இருபது நிமிஷம். உள்ளே பாடுவான். பாட்டு கேக்கற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு. மூடியைத் தூக்கி ரெண்டு துண்டு எடுத்துக்குவேன்."

"கொதிச்சுக்கிட்டு இருக்கும்போதா?"

"வெந்தப்பறம் எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சுடும். அவன் துண்டை எண்ணுற ஆளு. கொதிக்கறப்ப எடுத்தா, சுண்டிப்போச்சுன்னு நெனச்சுக்குவான்."

"வேகாமயா சாப்பிட்டீங்க?"

"எலும்பு பக்கத்துல செவப்பாத்தான் இருக்கும். நின்னுக்கிட்டே ஊதி ஊதி முழுங்கிடுவேன்." விரல் நுனியைத் துடைத்துக்கொண்டார். "பாதி வெந்ததே அப்படி இருக்கும் சிஸ்டர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். சொல்ல வேண்டியது இன்னும் அவருக்குள்ளேயே இருந்தது.

"அந்த ஞாயித்துக்கிழமை ஆவி கையில அடிச்சுது. சுட்டுடுச்சு. அதனால அடுப்பை அணைச்சுட்டு எடுத்தேன். மறுபடி பத்த வெச்சிடலாம்னுதான். அதுக்குள்ள அவனுக்கு போன் வந்துடுச்சு, எங்கேயோ லிஃப்ட் நின்னுபோச்சுன்னு. பாதிக் குளியல்ல கதவைத் திறந்துட்டான். நான் ஓடி வந்து என் ரூமுல நின்னுக்கிட்டேன். அவன் வந்து பார்த்தான். அடுப்பு அணைஞ்சிருக்கு. அவசரத்துல, தானே அணைச்சுட்டோம், வெந்துடுச்சுன்னு நெனச்சுட்டான். நின்னபடியே தட்டுல போட்டுச் சாப்பிட ஆரம்பிச்சான்."

நான் எழுதுவதை நிறுத்தியிருந்தேன்.

"நான் கதவுக்குப் பின்னால நிக்கிறேன். கரண்டி தட்டுல படற சத்தம் கேக்குது. 'வேகலைடா'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்லணும். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அஞ்சு மாசமா பேசாதவன் அதுக்காகப் பேசறதான்னு நின்னுட்டேன். மூணாம் நாள் அவனைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இந்தப் படியில, நாற்காலியில உக்கார வெச்சு, நாலு பேரு தூக்கி இறக்கினாங்க. நானும் ஒரு கால் பிடிச்சேன். நாற்காலியோட காலை."

தாளை அவர் பக்கம் தள்ளினேன். விதிப்படி பழைய பதிலின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் புதுப் பதிலை எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். "இதை அவன் பார்ப்பானா?" என்று கேட்டார். யாரும் பார்க்க மாட்டார்கள், பெயர்கூடப் போகாது, எண் மட்டும்தான் போகும் என்றேன். "அப்ப ஆமான்னு போடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்களேன் சிஸ்டர்" என்றார்.

"டாய்லெட் கதவுன்னா சொல்லலாம் சார். இது என் வாயால வரக் கூடாது."

அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. தம்பி கருவிப் பையை விட்டுவிட்டு ஓடியிருந்தார். நாற்காலி மேல் கிடந்த பையை எடுத்து மாட்டினவர், அண்ணன் எழுந்து நிற்பதைப் பார்த்துத் தயங்கினார்.

"அன்னிக்கு அடுப்பை அணைச்சது நான்தான்" என்றார் அண்ணன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

தம்பிக்கு, தன்னிடம்தான் பேசுகிறார் என்பதே புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எந்த அடுப்பை?"

"உன் அடுப்பைத்தான். நீ குளிக்கப் போனப்ப. கறி எடுக்க."

"என் கறியையா?"

"ஆமா."

"அன்னிக்கு மட்டுமா?"

"அஞ்சு மாசமா."

தம்பி என்னைப் பார்த்தார். நான் ஐஸ் பெட்டிக்குள் எதையோ தேடினேன்.

"அப்ப அந்த உப்பு?" என்றார் தம்பி.

"சரியாத்தான் இருந்துச்சு."

"அக்கா வந்தன்னிக்கு?"

"அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. எல்லாரும் உன்னையே பாராட்டிக்கிட்டு இருந்தாங்க. சும்மா ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன். மச்சான் சிரிச்சாரு."

தம்பியின் முகத்தில் ஒரு பக்கம் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைக் கண்டு அவருக்கே கோபம் வந்தது போல. "மூணு நாள் டிரிப் ஏத்தினாங்க. வலியில சுருண்டு கிடந்தேன். என் கைதான் கெட்டுப்போச்சுன்னு அடுப்பை மூடி வெச்சேன். நீ பக்கத்து ரூமுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தே." 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. ஐந்து மாதத்துக்கு முந்தைய பழக்கம். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

அண்ணன் அடுப்பின் மேல் கிடந்த துணியைப் பார்த்தார்.

"ஆளுங்க லிஃப்ட்டுல நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

நான் அண்ணனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். வழி நெடுக மனசு சரியில்லை. என் வேலை தாளில் ஒரு கட்டத்துக்குள் 'ஆமா' என்று எழுதுவது. அதை எழுதியாயிற்று. அதற்காக ஒரு வீட்டைக் கலைத்துவிட்டு வந்தேனோ என்று இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அந்த வீடு ஏற்கெனவே கலைஞ்சுதானே இருந்துச்சு?" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார்.

கடைசி முறை போக ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாம் மாடியிலேயே சத்தம் கேட்டது. ஒருவர் கத்த, அதற்குமேல் மற்றவர் கத்த, பாத்திரம் வேறு உருண்டது. கைகலப்பாகிவிட்டதோ என்று மிச்சப் படிகளை ஓடி ஏறினேன்.

கதவு திறந்தே இருந்தது. வெங்காயத்தை இன்னும் வதக்க வேண்டுமா வேண்டாமா என்பதுதான் விவகாரம். தம்பியின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நின்றார். கறி ஏற்றினால் இறக்கும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாதாம், மூடியையும் தொடக் கூடாதாம். தம்பி போட்ட தண்டனை.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாலு கிலோ ஏறற வரைக்கும்" என்றார் தம்பி. "ரெண்டரை ஏறிடுச்சு. மிச்சத்தை மெதுவா ஏத்துவேன், அவசரம் இல்ல."

மறுநாளே பேசிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லையாம். மூன்று நாள் தம்பி திட்டினாராம். திட்டுவதற்காகவாவது பேச வேண்டியிருந்ததாம். நாலாம் நாள் திட்டித் தீர்ந்துபோனதும் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், என்ன சமைக்கலாம் என்று கேட்டாராம். அண்ணன் அக்காவுக்குப் போன் போட்டு மச்சானிடமும் உண்மையைச் சொல்லிவிட்டாராம். அவர் மறுபடி சிரித்தாராம்.

முப்பத்திரண்டு கேள்வியை முடிக்க அன்று இரண்டு மணி நேரம் ஆயிற்று. தனித்தனி அறை என்ற விதியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. ஒருவரைக் கேட்டால் மற்றவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னார். ஒரு கட்டத்தில், முன்பு இருந்த மௌனமே தேவலை என்று தோன்றியது.

கடைசியாக ரத்தம். அண்ணனுக்கு எப்போதுமே நரம்பு சட்டென்று கிடைக்காது. இடது கையில் தேடினேன், வலது கையில் தேடினேன். ஊசியைப் பார்த்ததும் அந்தப் பெரிய கை தானாக மடங்கிக்கொண்டது. தம்பி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, அண்ணனின் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கி நேராகப் பிடித்தார்.

"அசையாதே. சிஸ்டரைப் பார்க்காதே, அந்தப் பக்கம் திரும்பு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நரம்பு கிடைத்தது. இரண்டு குழாய் நிறைந்ததும் பஞ்சை வைத்தேன். அழுத்திப் பிடிக்கத் தம்பியின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. நான் குழாய்களில் எண் ஒட்டிப் பெட்டியில் வைத்து மூடினேன். மதியம் இன்னொரு தெருவில் இன்னொரு வீடு இருந்தது. அங்கே ஏழு பேராம்.